மருந்து வாசம் இல்லாத தண்ணீர்

சித்தப்பா திருப்பூரில் இருந்தார். சித்தி திண்டுக்கல்லில் இருந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு லைசென்ஸ்தான் குறுக்கே நிற்கிறது, அது கைக்கு வந்துவிட்டால் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும் என்று அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். அதிகமாக நம்பியது நான்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. நாகல் நகரில் ஒரு சந்துக்குள், வாடகை வீட்டின் முன்னறையில் மூன்று மேஜை போட்டு மதியச் சாப்பாடு மட்டும் போடும் மெஸ் வைத்திருந்தாள். சித்தப்பா வேலை பார்த்த நூல் மில் தொண்ணூறுகளின் கடைசியில் மூடிவிட, அவர் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி வருவார். ஞாயிறு சர்ச்சில் பூசை பார்த்து, கறிச்சோறு சாப்பிட்டு, வெயில் தாழ பஸ் ஏறிவிடுவார். அவர்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. மெஸ்ஸுக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அப்பா வாசலில் வந்து நின்றால் அவரிடமும், “வாங்க, உக்காருங்க, கை கழுவ அங்கிட்டு இருக்கு” என்பாள். நாங்கள் சிரிப்போம். சித்தப்பாவும் சிரிப்பார். ஆனால் பையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மேனேஜர் வந்தார். ஊருக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு நூல் மில்லில் ஆபீஸ் மேனேஜர். ஏதோ வேலையாக எங்கள் பக்கம் வந்தவர் பசிக்கு ஒதுங்கி, சித்தியின் கத்தரிக்காய்க் குழம்பில் விழுந்துவிட்டார். அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் மதியம் இங்கேதான். ஒரு நாள் கை கழுவிவிட்டு வந்து நின்று பேச்சை ஆரம்பித்தார்.

“எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மதியச் சாப்பாடு வெளியில இருந்துதான் வருது. இப்பக் குடுக்கிறவர் சாப்பாட்டுல ரெண்டு தடவ எல்லாருக்கும் வயித்தால போயிருச்சு. தீபாவளியோட அவர நிப்பாட்டப் போறோம். நீங்க செய்றீகளா?”

நான்தான் முந்திக்கொண்டேன். “செய்வோம் சார்.”

“சமைக்கிறது சரி. கேரியர கொண்டாந்து குடுக்க, வெயில்னு மழைன்னு பாக்காம வந்துபோக ஒரு ஆம்பள ஆள் வேணும். அப்புறம் முனிசிபாலிட்டி லைசென்ஸ் நகல் ஒண்ணு வேணும். வயித்தால போன கதைக்கு அப்புறம் எங்க மேலிடத்துல அது இல்லாம கையெழுத்துப் போட மாட்டேங்கிறாக.”

ஆம்பள ஆள் என்ற சொல்லில் சித்தியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த மில்லின் சாப்பாடு மட்டும் கிடைத்தால் சித்தப்பா திருப்பூரை விட்டுவிடலாம். ஒரு பழைய டி.வி.எஸ். ஐம்பது வாங்கிக்கொண்டால் போதும். அந்த வாரம் சித்தப்பா வந்தபோது சித்தி சொல்ல, அவர் சாப்பாட்டைப் பிசைந்தபடியே கேட்டார். “நிசமாத்தான் சொல்றாகளா?” பிறகு சோற்றை மறந்து, எந்த ரோட்டில் போனால் மில்லுக்குச் சீக்கிரம் போகலாம் என்று மேஜை மேல் விரலால் கோடு போட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்போது கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம். எதையாவது முறையாகச் செய்து முடித்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டே இருந்த வயது. சித்தியின் சந்தில் அதுவரை யாரும் இப்படி ஒரு லைசென்ஸுக்குப் போனதில்லை. எனக்கோ அது ஒரு பரீட்சை மாதிரி இனித்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போய் என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வந்தேன். சமையலறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்க வேண்டும். புகை போக வழி வேண்டும். குப்பைக்கு மூடி போட்ட தொட்டி, சோற்றுக்கும் குழம்புக்கும் ஈ மொய்க்காத மூடி, கழுவுகிற தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால். சமைக்கிறவர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் தொற்று எதுவும் இல்லை என்று டாக்டர் சான்றிதழ். கடைசியாக, குடிக்கக் கொடுக்கிற தண்ணீரில் குளோரின் கலந்திருக்க வேண்டும்.

கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சித்தி ஒரு மாதத்தில் முடித்துவிட்டாள். கூரை ஓட்டைப் பிரித்துப் புகைக்கு வழி வைத்தாள். வீட்டுக்காரரிடம் கெஞ்சி வாய்க்காலைச் சிமெண்டு பூச வைத்தாள். கழுத்துவலியோடு தானே நின்று சுண்ணாம்பு அடித்தாள். டாக்டர் சான்றிதழுக்கு அவளும், காய் நறுக்கவும் பரிமாறவும் சாணார்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் அக்காவும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். துணைக்கு நான். அக்கா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து வந்திருந்தார்.

டாக்டரம்மா கேட்டார். “சொறி, சிரங்கு, தோல் வியாதி ஏதும் உண்டா?”

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எங்க செவலப் பசுவுக்குத்தான் இருந்துச்சு. வேப்பெண்ண தடவி அதுவும் சரியாப் போச்சு.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். சித்தி அக்காவின் இடுப்பில் கிள்ளினாள். ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேரும் இளநீர் குடித்தோம். அந்த நாள்களை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அந்த இளநீர்தான். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

தண்ணீரில்தான் தகராறு.

திண்டுக்கல் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. அந்த வருடங்களில் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாள் எப்போது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வருகிற அன்று கல்யாண வீட்டுக்குக்கூட ஒரு ஆளை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்கள் குடத்தோடு நிற்பார்கள். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர். அது உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குளித்தால் தலை சிக்காகும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் நல்ல தண்ணீருக்கென்று தனிப் பானை இருக்கும். அந்தப் பானைப் பக்கம் பிள்ளைகள் கை வைத்தால் அடி விழும். வீட்டுக்கு யாராவது வந்தால் எந்தப் பானையிலிருந்து மொண்டு தருகிறார்கள் என்பதை வைத்தே நம்மேல் எவ்வளவு மரியாதை என்று தெரிந்துகொள்ளலாம். என் அம்மா ஒரு உறவுக்காரர் வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த ஊரில், அப்படிப்பட்ட தண்ணீரில், நான் பிளீச்சிங் பவுடரைப் போடச் சொன்னேன்.

“அடியே, இதத்தான சாக்கடை ஓரமா தூவிட்டுப் போறாக. நாய் செத்துக் கெடந்தா அது மேல போடுவாக. இதக் கொண்டாந்து குடிக்கிற தண்ணியில போடுங்கிற?”

“கொஞ்சூண்டுதான் சித்தி. கிண்ணத்துல கரைச்சு, தெளிய வச்சு, மேல நிக்கிற தண்ணிய மட்டும் ட்ரம்ல ஊத்தணும். அரை மணி நேரம் விட்டா கிருமியெல்லாம் செத்துரும்.”

“வாசம் போயிருமா?”

“லேசா இருக்கும். இருக்கணும் சித்தி. அப்பத்தான் மருந்து மிச்சம் இருக்குன்னு அர்த்தம்.”

“நல்லாருக்குடி உன் படிப்பு. மோந்து பாத்துட்டு ஒருத்தன் எந்திரிச்சுப் போனான்னா நீ வந்து சாப்பிடுவியா அவன் சாப்பாட்ட?”

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். “நாத்தம் இருந்தாத்தான் நல்ல தண்ணின்னா, எங்க ஊருக் கம்மாத் தண்ணிய டப்பாவுல அடச்சு விக்கலாம் போலயே.”

இருந்தாலும் சித்தி போட்டாள். நீல ட்ரம்மில் தினமும் காலையில் நான் சொன்ன அளவு. லைசென்ஸுக்காக எதையும் செய்வாள். ஆனால் சாப்பிட வருகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. தினமும் வரும் வாத்தியார் ஒருவர் டம்ளரை மூக்கருகே வைத்துவிட்டு, “என்னம்மா, தண்ணியில ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது? கழுவுன தண்ணியவா குடுக்கிறீக?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். சித்தி சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஒருவர் வீட்டுத் தண்ணீரைப் பற்றி எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி.

எங்கள் மனுவின் பேரில் நகராட்சி சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற தகவல் ஒரு புதன்கிழமை வந்தது. மறுநாள் மதியத்துக்குள் வருவார். எனக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு, தள்ளிப்போட முடியாது. விடிந்ததும் சைக்கிளில் போய் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். மேஜை விரிப்பு வெள்ளையாக இருந்தது. மாதா படத்துக்குப் புது மாலை. ட்ரம்மில் நானே மருந்து கலந்து மூடிவிட்டு, “இந்தத் தண்ணியத்தான் சித்தி காட்டணும்” என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். சித்தி தலையை ஆட்டினாள். அவள் எதையோ மறைக்கிற மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. அவளைப் பொறுத்தவரை மறைக்க எதுவும் இருக்கவும் இல்லை. செய்யப்போவது நல்ல காரியம் என்றுதான் இருந்திருக்கிறாள்.

தேர்வு முடிந்து வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் சமையலறையைப் பார்த்து முடித்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஐம்பதை ஒட்டிய வயது, சலவைச் சட்டை, காலடியில் ஒரு தோல்பை. கையில் எவர்சில்வர் டம்ளர். அவருக்கு எதிரே சித்தி சொம்போடு நின்றாள்.

“ஏனுங்கம்மா, இது நம்ம ஊர்த் தண்ணிங்களா? தித்திப்பா இருக்குதுங்களே.”

“நம்ம அக்கா தோட்டத்துக் கெணத்துத் தண்ணி சார். உங்களுக்குன்னு காலையில கொண்டாரச் சொன்னேன். இன்னொரு டம்ளர் குடிங்க.”

“பஸ்ஸுல ரெண்டு கொடம் சார்,” என்றார் அக்கா கதவோரமிருந்து. “கண்டக்டரு கொடத்துக்கும் சேத்து டிக்கெட்டு போட்டுட்டான். ஒக்கார மட்டும் எடம் குடுக்கல.”

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவது டம்ளரையும் அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்து முடித்தார். “இப்படித் தண்ணி குடிச்சு ரொம்ப நாளாச்சுங்க. அடுப்படியும் சுத்தமா வச்சிருக்கறீங்க. பெரிய ஓட்டல்லகூட இப்படிப் பாக்க முடியாதுங்க.”

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சர்ச்சில் முதல் நன்மையாக நற்கருணை வாங்கிவிட்டு வரும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. நான் அவளைத் தாண்டிப் பார்த்தேன். நீல ட்ரம் அது இருந்த இடத்தில் இல்லை. அங்கே மணையின் மேல் ஒரு புதுப் பானை, வாயில் வெள்ளைத் துணி கட்டி, உட்கார்ந்திருந்தது.

அவர் பையைத் திறந்து சின்ன மரப்பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே கண்ணாடிக் குழாய், ஒரு குப்பியில் மருந்து. பானையிலிருந்து குழாயில் தண்ணீர் பிடித்தார். சொட்டு விட்டார். வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

மஞ்சளாக வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

தண்ணீர் அப்படியே நின்றது. அவர் இன்னொரு சொட்டு விட்டார். குலுக்கினார். நிறம் மாறவில்லை.

சித்தி பெருமையாகச் சொன்னாள். “பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு.”

அவர் குழாயை இறக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “இதுல மருந்து போடலீங்களா?”

“உங்களுக்குக் குடுக்கிற தண்ணியில எப்படி சார் அத ஊத்தறது? ட்ரம்ல போட்டு வச்சிருந்தோம். நாத்தம் அடிக்குதுன்னு பின்னாடி தள்ளிட்டேன். பாத்திரம் கழுவுறதுக்கு.”

நான் குறுக்கே பாய்ந்தேன். “சார், அந்த ட்ரம்லதான் சார் தினமும் எல்லாருக்கும் குடுக்கிறோம். இன்னைக்கு மட்டும்தான் இது. வந்து பாருங்க சார்.”

அவர் எழுந்து வந்தார். கொல்லையில் எச்சில் தட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்த ட்ரம்மில் பிடித்துப் பார்த்தார். குழாய் மஞ்சளாக மாறியது. நான் பெருமூச்சு விட்டேன். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

“பாப்பா, கழுவுற எடத்துல இருக்குற ட்ரம்ம வச்சு நான் எப்படிங்க எழுதறது? வாரவங்க குடிக்கிற தண்ணியில இருக்கோணுமுங்க. நானே இப்பத்தான் இந்தப் பானையில ரெண்டு டம்ளர் குடிச்சனுங்க. இல்லீன்னு சொல்ல முடியுங்களா?”

முறைப்படி ஒரு சீசாவில் பானைத் தண்ணீரைப் பிடித்து, மூடி, மேலே ஒட்டி, பையில் வைத்துக்கொண்டார். வெளியூர் லேபுக்குப் போகும், ரிசல்ட் வரட்டும், சரியாக வராவிட்டால் மறுபடி மனு போடுங்கள் என்றார். சித்தி இலை போட்டு வைத்திருந்தாள். மீன் குழம்பு, முட்டை, தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம், பாயசம். அவர் இலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “லைசென்ஸ் ஆகட்டுமுங்க. அப்புறம் காசு குடுத்துச் சாப்பிட வாரேன்.” தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் மனது ஆறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இலை அப்படியே கிடந்தது. சித்தி அதற்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“நல்ல தண்ணி குடுத்தது தப்பா?”

நான் பாயசச் சட்டியை மூடி வைத்தேன்.

“மருந்துத் தண்ணியக் குடுத்தா, இந்த வீட்டுல மனுசர மதிக்கத் தெரியலன்னு நெனைக்க மாட்டாரா? வாத்தியாரே அன்னைக்கு அந்தக் கேள்வி கேட்டாரு.” இலையின் ஓரத்தை நீவிக்கொண்டே, “நீ சொல்லத்தான் செஞ்ச. மருந்துத் தண்ணி ஊருக்குன்னு நெனச்சேன், அவருக்கும் அதுதான்னு தோணல” என்றாள்.

லேப் ரிசல்ட் வர நாளாயிற்று. குடிக்கத் தகுந்ததல்ல என்று வந்தது. திறந்த கிணறு, பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம்; அப்படித்தான் வரும். ஆனால் அதை அக்காவிடம் யார் சொல்வது? சித்தி சொன்னாள். அக்கா அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தார். “எங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் எம் புள்ளைக எல்லாம் வளந்துச்சு. அத ஆகாதுன்னு எழுதுறாகளா? அப்ப நான் ஆகாதவளா?” அந்த வாரம் முழுக்க வேலைக்கு வரவில்லை. சித்தி அவர் ஊருக்கே போய், தொழுவத்தில் நின்று பேசி, அழைத்துவர வேண்டியிருந்தது.

சித்தப்பாவுக்குச் சொல்ல சித்தி எஸ்.டி.டி. பூத்துக்குப் போனபோது நானும் குழந்தையும் கூடப் போனோம். சித்தப்பா அதற்குள் கம்பெனியில் தீபாவளியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவைத்திருந்தார். சித்தி கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கதையை முழுக்கச் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரை விட்டுவிடாமல், பானையை விட்டுவிடாமல், தன்மேல் குற்றம் என்று தெரியும்படியே சொன்னாள். அந்தப் பக்கம் சித்தப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து சித்தி சொன்னதுதான் தெரியும். “சரி விடு, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்னாக. கம்பெனியில மறுபடி பேசிப் பாக்குறாகளாம்.” ரோட்டைத் தாண்டும்போது திடீரென்று நின்றாள். “ஒரு வார்த்த கோவமாப் பேசியிருந்தா நல்லாருக்கும். பேசவே இல்லடி.”

மேனேஜர் தீபாவளி முடிந்தும் இரண்டு வாரம் பொறுத்தார். சாப்பிட வரும்போதெல்லாம், “வந்துருச்சாம்மா?” என்பார். ஒரு நாள் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு நேரே போய்விட்டார். அடுத்த வாரம் மில் வண்டியில் வேறொரு ஓட்டலின் கேரியர்கள் போவதை நானே பார்த்தேன். சைக்கிளை ஓரம் கட்டி, அந்த வண்டி வத்தலக்குண்டு ரோட்டில் மறைகிறவரை நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா மேஜையில் விரலால் போட்ட கோடு அதே ரோடுதான்.

லைசென்ஸ் கிடைத்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. இரண்டாவது முறையும் அதே இன்ஸ்பெக்டர்தான் வந்தார். குழாயில் சொட்டு விட்டதும் மஞ்சளாக வந்தது. சித்தி அவருக்கு அந்த ட்ரம் தண்ணீரைத்தான் டம்ளரில் கொடுத்தாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். சொன்ன வாக்கை மறக்காமல் பிறகு ஒரு நாள் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டும் போனார். இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பு சிரித்துப் பேசியது இருவருக்குமே சங்கடமாக ஆகிவிட்டது.

சித்தி லைசென்ஸைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டினாள். சந்தில் முதல் லைசென்ஸ். நான்தான் ஆணி அடித்தேன். அடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மனு எழுதியது நான், அலைந்தது நான். கையிலிருந்த சுத்தியல் கனத்ததுதான் நினைவிருக்கிறது.

அதன் பிறகு வேறு மில், வேறு ஆபீஸ் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தோம். வந்தது, சின்னச் சின்னதாக. பள்ளிக்கூடத்து டீச்சர்மார் மாதக் கணக்கில் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நர்ஸிங் கல்லூரியிலிருந்து விசேஷ நாள்களுக்கு ஆர்டர் வந்தது. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றதும் ஒப்புக்கொண்டவர்கள் பலர். மூன்று மேஜை ஐந்தாயிற்று. ஆனால் ஒரு ஆள் வேலையை விட்டுவிட்டு நம்பி வரக்கூடிய பெரிய வரும்படி அந்த மில் ஒன்றுதான். அது போனது போனதுதான். அதற்குள் சித்தப்பாவைக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். “இன்னும் ஒரு வருசம் பாப்போம்” என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். பிறகு சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் படிப்பை முடித்து இப்போது ஒரு பால் கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எனக்கு வேலை கண்ணாடிக் குழாய்களோடுதான். ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் சாப்பாடு. போன மாதம் அப்படி ஒரு ஞாயிறு. சாப்பிட்டு முடித்துச் சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“அங்க ஒரு வீடு பாத்திருக்கேன். ரெண்டு ரூமு. கோயிலு பக்கம். புள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடமும் இருக்கு.”

சித்தி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “யாருக்கு?”

“யாருக்குன்னா? உங்களுக்குத்தான். இங்க ஒருத்தி, அங்க ஒருத்தன்னு எம்புட்டு நாளைக்கு? நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க.”

“இத என்ன பண்ணச் சொல்றீக?”

“யாருக்காச்சும் குடுத்துரு. அந்த அக்காவே பாத்துக்கிடட்டும்.”

“இப்பத்தான லைசென்ஸ புதுப்பிச்சேன். எம் பேருல இருக்கு. அது அப்படி வேற ஆளுக்கு மாத்த முடியாது. டீச்சருமாரு எல்லாம் பரீட்சை முடியிற வரைக்கும் காசு கட்டியிருக்காக.”

சித்தப்பா சுவரைப் பார்த்தார். அவர் வந்து சேர வேண்டும் என்பதற்காக வாங்கிய லைசென்ஸ் அது. அதை அவரும் நினைத்தார் என்று அவர் பார்த்த விதத்தில் தெரிந்தது. சித்திக்கும் தெரிந்திருக்கும். தட்டுகளின் சத்தம் நின்றுவிட்டது. நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம், வழக்கமாக அதுதான் என் வேலை. அன்று மிச்சத் தட்டுகளை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“அப்ப பரீட்சை முடியட்டும்” என்றார் சித்தப்பா.

“முடியட்டும்” என்றாள் சித்தி. “முடிஞ்சதும் யோசிப்போம்.”

வெயில் தாழ்ந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சித்தி வாசல் வரை வந்து, “போயிட்டு வாங்க, பஸ்ஸுல சன்னலோரம் உக்காராதீக, காத்து ஒத்துக்கிடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் திங்கட்கிழமை. டீச்சர்மார் எல்லாரும் வருவார்கள். நான் சைக்கிளை எடுக்கும்போது, அவள் கூடை நிறைய வெங்காயத்தை முன்னால் போட்டுக்கொண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டது கதவிடுக்கு வழியே தெரிந்தது.